மண்வரம்பில் ஒரு பிடி எலும்பு

“ரூஜ் காட்டுக்குள்ள ஒரு கோட்டை கிடக்காம். வெள்ளைக்காரன் வர முந்தினதாம். எலும்பும் எடுத்திட்டாங்களாம்.” ரொறன்ரோவுக்குப் பக்கத்து றிச்மண்ட் ஹில் கோயில் அன்னதான வரிசையில் யோகமலர் அன்ரி சொன்னார். அவருக்குச் சொன்னது யாரோ நவரட்ணத்தின் மனைவியாம்.

“ராசா ஆராம், அன்ரி?” என்று பகிடி விட்டேன்.

மாலையில் பக்கத்து வீட்டு மாமாங்கம் அங்கிளிடமும் இதைச் சிரிப்பாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மாமாங்கம் மட்டக்களப்பார், பாண் பேக்கரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி தங்கேஸ்வரியின் முழங்காலுக்கு நடை நல்லதென்று டொக்ரர் சொன்னதிலிருந்து இருவரும் அந்தக் காட்டுக்குள்தான் நடந்தார்கள். மேப்பிள் மரங்களுக்கிடையே வளைந்து கிடந்த ஒரு மண்வரம்பில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். ஆதிக்குடிகள் மரவேலி நட்டுக் காத்த பழைய ஊரின் எல்லை அது. களவாகத் தோண்டுவார்கள் என்ற பயத்தில் அங்கே அறிவிப்புப் பலகைகூட வைக்கவில்லை. இவர்களுக்கு எப்படித் தெரியும்?

போன தையில் தங்கேஸ்வரி இறந்தார். தகனத்துக்குப் பிறகு, காடாத்துச் சடங்குக்கென்று எலும்பைப் பொடியாக்காமல் கேட்டு வாங்கினார்கள். பனி கரைந்ததும் மகன் ரஜிதன் ஏரியில் கரைத்தான். ஒரு பிடியை மாமாங்கம் ஒளித்து வைத்திருந்து, அந்த மண்வரம்பில் புதைத்துவிட்டார்.

“தன்ட தங்கச்சியைச் சுனாமி கொண்டுபோன நாளில இருந்து அவளுக்குத் தண்ணியெண்டாப் பயம், பிள்ள,” என்று இப்போதுதான் என்னிடம் சொன்னார்.

போனில் செய்தியைத் தேடி வாசித்துக் காட்டினேன். மழையில் வரம்பு சரிந்திருக்கிறது. தொல்லிடம் காப்பவர்கள் பார்க்கப் போன இடத்தில் எரிந்த எலும்பு. வேலையை நிறுத்தி, அந்தக் குடியின் பெரியவர்களை அழைத்திருக்கிறார்கள்.

“என்ன செய்வாங்கள்?”

“தங்கட முன்னோரெண்டு சடங்கு செய்து, திரும்பப் புதைப்பினம். பிறகு ஒருதரும் தொட ஏலாது.”

“அப்ப அவள் அங்கயே இருப்பாள்.”

“ஓம். நீங்கள் வாய் திறக்காட்டி. சொன்னா அன்ரியை எடுத்துப்போடுவினம், அங்கிள். பொலிஸ், கேஸ் எண்டும் வரலாம்.”

மாமாங்கம் முழங்காலைத் தடவிவிட்டு நிமிர்ந்தார்.

“ஆரோ ஒரு மனுசி வந்து என்ட பெண்சாதியைத் தன்ட ஆத்தையெண்டு அழப்போறா. அந்தக் கண்ணீர் எங்களுக்குரியதில்ல, பிள்ள. நம்பரை அடி.”

செய்தியின் அடியில் இருந்த இலக்கத்தை அடித்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

“இங்கிலீசில நீ சொல்லு. அவள்ட பேரை மட்டும் நான் சொல்லுறன்.”

சேர்ட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்து நின்றார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது.