சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய தாளம்

பிரேம்சிங்கின் குரலைக் கேட்காதவர்கள் சங்கரன்கோவிலில் கிடையாது. ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் ஆட்டோவில் கட்டிய குழாயிலிருந்து ஜவுளிக்கடைக்காக ஊரையே வருக வருக என்று கூப்பிடுவது அவர் குரல்தான். தேர்தல் வந்துவிட்டால் எல்லாக் கட்சிகளுக்கும் அவரே ஓட்டுக் கேட்பார். கழுகுமலை ரோட்டில் ஒரு காம்ப்ளெக்ஸின் பின்பக்க அறை அவருடைய ஒலிப்பதிவு ஸ்டூடியோ. வாடகை ரொம்பக் குறைவு. ஏன் குறைவு என்பது குடிவந்த மறுநாள் காலையில் தெரிந்தது. ஒட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் மைதீனின் விசைத்தறிக் கூடம்.

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினார். அதன்மேல் பஞ்சு மெத்தைகளை நிறுத்திக் கட்டினார். தறி மசியவில்லை. ஆகவே கரண்டு போகும்போதும், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குத் தறி நிற்கும்போதும் மட்டும் பதிவு செய்வது என்று வாழப் பழகிக்கொண்டார். கரண்டு போனால் ஊரே திட்டும்; அவர் இன்வெர்ட்டரைப் போட்டுவிட்டு மைக் முன்னால் ஓடுவார். மைதீனிடம் சண்டை போடாத வாரம் இல்லை.

"உம்ம பாட்டுக்கு நேரங்காலம் இருக்கு, எம் பாவு நூலுக்கு இல்லையாவே? தறி ஓடினாத்தான் சோறு" என்பார் மைதீன். பேச்சு அதோடு முடியும்.

பிரேம்சிங்குக்கு ஒரு ரகசிய ஆசை இருந்தது. பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, எழுபதுகளில் ஒரு வெள்ளைக்காரக் குழு பாடிய ராக் பாட்டு ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. போகிற ரயிலைப் பார்த்து ஒருவன் நின்றுவிட்டுப் போ என்று கத்துகிற பாட்டு. சபை உபதேசியாராக இருந்த அப்பா தேவதாசன் அதைச் சாத்தானின் சத்தம் என்றார். மகன் கிடாரைச் சபைப் பாட்டுக்கு மட்டும் வாசித்து, வீட்டில் சமாதானம் காத்தான். நாற்பத்தைந்து வயது தாண்டியபின், சாவதற்குள் அந்தப் பாட்டை ஒருமுறை ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பெரிய கைகள் வேண்டும்.

பெரிய கைகள் இரண்டு இருந்தன. பாடுவதற்குச் சாம்சுந்தர் சார். பள்ளிக்கூட ஆசிரியர், சபைப் பாடகர் குழுவின் தலைவர். டிரம்ஸுக்கு விஜயராஜ். கோயில் கொடை விழாக்களில் அவன் கச்சேரி என்றால் பனவடலிசத்திரத்திலிருந்து டிராக்டர் கட்டி வருவார்கள். சார் விஜயராஜை 'தகர டப்பா' என்பார். விஜயராஜ் சாரை 'கல்லறைப் பாட்டு' என்பான். ஒரே மேடையில் நிற்க மாட்டோம் என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள்.

"மேடையே கிடையாது. ஸ்டூடியோவுல மட்டுந்தான். ஆளுக்கொரு நாளு வந்து உங்க பங்கக் குடுத்துட்டுப் போங்க" என்றார் பிரேம்சிங். குழுவுக்கு 'நாலு ரோடு' என்று பெயர் வைத்தார்.

"மூணு பேருக்கு எதுக்குங்க நாலு ரோடு?" என்று கேட்டாள் மனைவி ஜெனிபா. அவர் கிடாருக்குச் சுருதி சேர்க்கப் போய்விட்டார்.

விஜயராஜ் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் வாசித்துவிட்டுப் போனான். கிடாரைப் பிரேம்சிங் மின்வெட்டில் முடித்தார். சாருக்கோ வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம், ஞாயிறு ஆராதனை, சனிக்கிழமைதான் ஒழியும். அந்தச் சனிக்கிழமை மைதீனுக்குப் பொங்கல் வேட்டி அவசரம்.

"ஒரு மணி நேரம் நிறுத்துங்க பாய்."

"வீட்டுல மௌத்து விழுந்தாலும் இன்னைக்குத் தறி நிக்காது. போவே."

சார் தறிச் சத்தத்தோடே பாடினார். சபையில் ஞானப்பாட்டு பாடுகிற சுத்தமான உச்சரிப்பில், ரயிலை நிற்கச் சொல்லிக் கெஞ்சினார். பிறகு கணினியில் உட்கார்ந்து பிரேம்சிங் தறியைத் துடைக்கப் பார்த்தார். தறி போனால் கூடவே சாரின் குரலும் போனது. சார் மறுபடி வருகிற ஆள் இல்லை. பிரேம்சிங் வெறுத்துப்போய் அப்படியே யூடியூபில் ஏற்றிவிட்டு, பற்பொடி விளம்பரம் ஒன்றைப் பதிவு செய்யப் போய்விட்டார்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. கோயம்புத்தூரில் யாரோ அதற்கு ஆடினார்கள். அதைப் பார்த்து மலேசியாவில் ஆடினார்கள். ரீல்ஸைத் திறந்தால் சாரின் ரயில்தான். கீழே எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: பின்னால் ஓடுகிற அந்தத் தாளம் என்ன? சென்னை விமர்சகர் ஒருவர், அது உழைக்கும் வர்க்கத்தின் இதயத்துடிப்பு என்று எழுதினார். விஜயராஜ் அது தன்னுடைய தனி உத்தி என்று பேட்டி கொடுத்தான். சார், குரல் சரியாக இருந்தால் பின்னணியில் எது ஓடினாலும் எடுபடும் என்றார். சேனல்காரர்கள் பிரேம்சிங்கிடம் வந்தபோது அவர் தொண்டையைச் செருமி, விளம்பரக் குரலில், "நெடுநாள் ஆராய்ச்சிக்குப் பிறகுதான் அந்த ஒலியைச் சேர்த்தோம்" என்றார்.

அதை மைதீனும் பார்த்தார். மறுநாள் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பிரேம்சிங் எழுந்தார்.

"நாலு ரோடுன்னு போட்டிருக்கீரு. ஆளு மூணுதான் இருக்கு. அந்த நாலாவது ரோடு நாந்தானவே?"

"பாய், அது வந்து..."

"பயப்படாதேயும். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எம் பேத்தி அதைக் கேட்டுத்தான் சாப்பிடுதா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

திருநெல்வேலியில் ஒரு கல்லூரி விழாவுக்குக் குழுவைக் கூப்பிட்டார்கள். புகழ் வந்தபின் ஒரே மேடையில் நிற்கச் சாருக்கும் விஜயராஜுக்கும் சம்மதமாகிவிட்டது. யார் நடுவில் நிற்பது என்பதில்தான் கடைசிவரை இழுபறி. பிரேம்சிங் தறிச் சத்தத்தைத் தனியாகப் பதிந்து எடுத்துப் போயிருந்தார்.

மேடையில் அதை ஓடவிட்டதும் சிக்கல் தெரிந்தது. தறி ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வோல்டேஜ் இறங்கினால் தறியும் இறங்கும். அன்றைக்குச் சார் தறியோடு இறங்கி, தறியோடு ஏறிப் பாடியிருக்கிறார். அதுதான் கேட்டவர் நெஞ்சைப் பிசைந்த இடம். இப்போது ஓடியதோ வேறு நாளின் தறி, வேறு வோல்டேஜ். சார் ஏறும்போது அது இறங்கியது. இரண்டுக்கும் நடுவில் விஜயராஜ் தன் வழியில் அடித்தான்.

"அண்ணாச்சி, தறிய நிறுத்துங்க!" என்று விஜயராஜ் கத்தினான்.

நிறுத்தினார். தறி இல்லாமல் கேட்டால் அது சுமாரான கல்யாணக் கச்சேரி. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தார்கள். பிறகு யாரோ ஒருவன் கைப்பேசியில் யூடியூப் பாட்டைப் போட்டு ஒலிபெருக்கியில் மாட்டிவிட்டான். கூட்டம் துள்ளி ஆடியது. பாட்டின் சொந்தக்காரர்கள் மூவரும் மேடையில் ஓரமாக நின்று கைதட்டினார்கள்.

அடுத்த பாட்டுதான் மானத்தை மீட்கும் என்று பிரேம்சிங் முடிவு செய்தார். தறி ஓடும்போது எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பதிவு செய்வது. முதல்முறையாகத் தறியை ஓட்டச் சொல்லிக் கேட்பதற்காக மைதீனைத் தேடிப் போனார். கூடம் பூட்டிக் கிடந்தது. போன் செய்தார்.

"மேலநீலிதநல்லூர் பக்கம் புது ஷெட்டு போட்டுட்டேன்வே. எத்தனை வருசம் உம்மகூட மல்லுக்கட்டினேன்! இப்ப உலகமே கேக்குற ஆளு நீரு. நம்மளால இடைஞ்சல் வேண்டாம்னு எல்லாத் தறியையும் தூக்கிட்டேன். இனிமே நிம்மதியாப் பாடும், இன்ஷா அல்லா."

பிரேம்சிங் போனைக் கையில் வைத்தபடி ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக அவர் கேட்டுச் சண்டை போட்ட அமைதி அறை முழுக்க இருந்தது. நாற்காலி அசைகிற சத்தம் கூடக் கேட்டது. அவருக்கு அழுகை வந்தது.

மறுவாரம் மைக்கை எடுத்துக்கொண்டு புது ஷெட்டுக்குப் போனார். பதிந்து கேட்டுப் பார்த்தார். தகரக் கூரைக்குக் கீழே தறி வெறும் தறியாகக் கத்தியது. இடையில் சுவரும் முட்டை அட்டையும் மெத்தையும் இல்லை.

"அந்தச் சத்தம் தறியில மட்டும் இல்ல பாய்" என்றார். "நான் அதைத் தடுக்க வச்சேன்லா, அதுலதான் இருந்திருக்கு."

மைதீனுக்குப் பாதிதான் புரிந்தது. "தடுத்ததுலயா? நல்ல கூத்தா இருக்கே! டீ சாப்பிடும்" என்றார்.

இரண்டாவது பாட்டு சுத்தமாக, ஒரு பிசிறும் இல்லாமல் வெளிவந்தது. சாரின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். அதன்பின் குழு உடைந்தது. சாரும் விஜயராஜும் ஆளுக்கொரு குழு வைத்து, இரண்டு பேருமே 'ஒரிஜினல் நாலு ரோடு' என்று பேனர் அடித்து அந்த ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பிரேம்சிங்கின் ஸ்டூடியோதான் இப்போது மாவட்டத்திலேயே சத்தமில்லாத ஸ்டூடியோ என்று தென்காசியிலிருந்துகூட விளம்பரம் பதிய வருகிறார்கள். வேலை குவிகிறது. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அவர் கடையை அடைத்துவிட்டு மேலநீலிதநல்லூர் பஸ் ஏறுகிறார். தொழுகை முடிந்து மைதீன் வந்து தறியை ஓட்டிவிட்டதும், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கத்திக் கத்தித்தான் பேசவேண்டியிருக்கிறது.