வாசலில் கேட்ட தண்ணீர்

என் சமையலறை ஜன்னல் திட்டில் ஓர் எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. விளிம்புக்குக் கீழே என் சித்தப்பாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். வாடகைப் பாத்திரம் என்றால் பெயர் வெட்டித்தான் ஆகவேண்டும்; இல்லையென்றால் கல்யாண வீட்டுக்குப் போன கரண்டி காதுகுத்து வீட்டில்தான் அகப்படும். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை என்று எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது இந்தச் சொம்பு ஒன்றுதான். இதில் நான் தண்ணீர் குடித்ததில்லை. பூச்செடிக்குக்கூட இதில் ஊற்ற மாட்டேன். ஆனால் தினமும் துலக்கிக் கவிழ்த்து வைக்கிறேன். ஏன் என்று என் வீட்டுக்காரர் கேட்பதை நிறுத்தி வெகு நாளாகிறது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தவர்கள் சித்தப்பாவும் சித்தியும். ஆனையூர் வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. பாத்திரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மாதிரி வழி விட்டு நாங்கள் உள்ளே போய் வருவோம். நல்லது கெட்டது எதுவானாலும், டிரைசைக்கிளில் சாமான் போய் இறங்கும்போது சித்தப்பா முதலில் இறக்கச் சொல்வது தண்ணீர் அண்டாவையும் இந்தச் சொம்பையும்தான். அடுப்பு, பந்தி ஜமுக்காளம் எல்லாம் அப்புறம். “மொதல்ல தண்ணிய வைங்கப்பா. வந்தவுக வாய நனைக்கணும்ல” என்பார். இழவு வீடாக இருந்தால் அதையே மெதுவாகச் சொல்வார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே தெருவில் அவருக்குத் தனி மதிப்பு. எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த மனுஷர் ஒரு சிநேகிதர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். சிநேகிதர் ஊரை விட்டுப் போய்விட்டார். கோர்ட்டிலிருந்து வந்த தபால்களைச் சித்தப்பா பிரிக்காமலே அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்தார். பிரித்தால்தானே மானம் போகும் என்று நினைத்தாரோ என்னவோ! கடைசியில், சாமான்களை ஜப்தி செய்யக் கோர்ட்டு ஆளான அமீனா வரப்போகிறார் என்ற சேதி மட்டும் கோர்ட்டுப் பக்கம் போய் வந்த ஒருவர் வாயால் வந்தது. பாத்திரம் போனால் பிழைப்பு போச்சு. ஆனால் அவர் பயந்தது அதற்கு இல்லை. தன் பெயர் வெட்டிய அண்டா நடுத்தெருவில் கோர்ட்டு வண்டியில் ஏறுவதைத் தெரு பார்த்துவிடுமே என்பதுதான் அவர் பயம். வக்கீலைப் பார்க்கலாம் என்று சித்தி சொன்னதற்கு, “அவுக வீட்டுக் கல்யாணத்துக்கே நாந்தான் பாத்திரம் குடுத்தேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக?” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அப்போது நான் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ரெண்டாயிரம் பிறந்த புதிது. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம். ஜாதகம், பரீட்சை ரிசல்ட், துபாய் வேலை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது என்று சனங்கள் நம்பினார்கள். நம்ப வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் சித்தப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். “தாயி, யாருன்னு தெரியாத ஆளுகட்ட கேக்கலாமாம்ல இதுல? என் பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாது” என்றார். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் மடல் எழுதிக்கொண்ட ஒரு குழுமத்தில், ‘எனக்குத் தெரிந்தவர் ஒருவர்’ என்று ஆரம்பித்து நான் கேள்வியைப் போட்டேன். எனக்கே எழுதும்போது கூச்சமாக இருந்தது. சித்தப்பா பின்னால் நின்று, அந்தத் தெரிந்தவருக்காகப் பரிதாபப்படுகிற மாதிரி ‘ப்ச்’ கொட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாளே லண்டனிலிருந்து ஒருவர் நீளமாகப் பதில் எழுதியிருந்தார். கதவைத் திறக்காதீர்கள். நீங்களாகத் திறந்து உள்ளே விட்டால் ஒழிய அவர்களால் வர முடியாது. ஜன்னல் வழியாகவே பேசுங்கள். தண்ணீர் வேண்டும், டாய்லெட் போகவேண்டும் என்பார்கள். அது உள்ளே நுழைவதற்கான தந்திரம், இரக்கப்பட்டு ஏமாறாதீர்கள். அவர் தானும் இப்படித்தான் தப்பித்ததாக எழுதியிருந்தார். நல்ல மனசோடுதான் எழுதினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். எனக்குத்தான் லேசாக உறுத்தியது. “சித்தப்பா, இது லண்டன் ஆளு சொல்றது” என்றேன். “இருந்தா என்ன தாயி? நம்ம சட்டமே வெள்ளக்காரன் குடுத்ததுதான? அங்க உள்ளதுதான் இங்கயும்” என்றார். படித்த நான் அதை ஒத்துக்கொண்டேன். பதிலைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்து போனார்.

அமீனா வந்தது சித்திரை வெயிலில். அழகர் ஆற்றில் இறங்கி முடிந்து, தண்ணீர்ப் பந்தலுக்குப் போயிருந்த அண்டாக்கள் அப்போதுதான் திரும்பி வந்திருந்தன. தூரத்தில் காகிதக் கட்டோடு ஒரு சைக்கிள் கதவு நம்பர் பார்த்துக்கொண்டே வருவதைக் கண்டதுமே கதவைத் தாழ்ப்பாள் போட்டோம். அமீனா என்றால் மீசையும் அதட்டலுமாக ஓர் ஆள் வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் ரிட்டையர் ஆகும் வயசில், ஒல்லியாக, வெயிலில் கறுத்துப் போய், மூச்சு வாங்க நின்றார்.

“கோர்ட்ல இருந்து வாரேங்க. கதவத் தொறங்க.”

சித்தப்பா கொசுவலை அடித்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, பையிலிருந்த தாளைத் தொட்டுக்கொண்டு, “உள்ள வர உங்களுக்கு உரிமை கெடையாது” என்றார்.

“யாருங்க அப்பிடிச் சொன்னா?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன்.

“சரிங்க, சண்டைக்கு வரல. நீங்க தொறக்கலன்னு எழுதிக்கிட்டுப் போறேன். வெயிலு மண்டையப் பொளக்குது. ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடுங்கண்ணே, குடிச்சிட்டுப் போயிருதேன்.”

சித்தி அதற்குள் இந்தச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்துவிட்டாள். தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்தால் அந்த வீட்டில் கை தானாகக் குடத்துக்குப் போகும். அப்படிப் பழக்கி வைத்தவரே சித்தப்பாதான். அவரே அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். “தந்திரம்டி. அதுல போட்டிருக்கான்” என்றார். கொசுவலை வழியாகச் சொம்பு போகாது. கதவைத் திறக்க வேண்டும். யாரும் திறக்கவில்லை.

அமீனா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். அந்த வீட்டு அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தெருவைக் கடந்து அவர் கையில் கொடுத்தார். அவர் அண்ணாந்து குடிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அக்கா திரும்பிப் போய்த் தன் மாமியாரிடம் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. எங்கள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார், அது போதாதா? சித்தி கையிலிருந்த தண்ணீரைக் குடிக்கவும் மாட்டாமல் கொட்டவும் மாட்டாமல் நின்றாள். என் காது மடல் சுட்டது. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் சுடுகிறது.

கதவைத் திறக்க மறுத்தார்கள் என்று அமீனா எழுதிக் கொடுத்ததும், போலீசோடு போய் உடைத்துத் திறக்கலாம் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. நம் ஊரில் சட்டம் அதுதான். கடனாளி வீட்டுக்குள் இருந்துகொண்டு தடுத்தால் தாழ்ப்பாள் நிற்காது. இடைப்பட்ட நாட்களில் சித்தப்பா பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுக்கு உட்காருவார், தண்ணீர் டம்ளரைப் பார்ப்பார், எழுந்துவிடுவார். “எம்புட்டு விசேசத்துல தண்ணி வச்சிருக்கேன்! எழவு வீட்டுல எதிரிக்குக்கூட நாந்தான மொண்டு குடுத்தேன்” என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை அவர்கள் வந்தபோது கதவு அகலத் திறந்திருந்தது. சித்தப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சொம்பு நிறையத் தண்ணீரோடு வாசலில் நின்றார். தெரு முழுக்க வெளியே வந்து நின்று பார்த்தது. எந்தத் தெருவுக்குப் பயந்தாரோ அதை அவர் அன்று திரும்பியே பார்க்கவில்லை. அமீனாவிடம் நேராகப் போய் இரண்டு கையாலும் சொம்பை நீட்டினார்.

“இருக்கட்டும்ணே” என்றார் அமீனா. “இன்னைக்குத் தாகம் இல்ல.”

அவர் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. உள்ளதைச் சொன்னார். கூட வந்த போலீஸ்காரர், “எங்கிட்டக் குடுங்கய்யா” என்று வாங்கி மடமடவென்று குடித்தார். சித்தப்பாவுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. அண்டாக்கள் ஒவ்வொன்றாக வண்டி ஏறும்வரை காலிச் சொம்போடு நின்றார். சாமான் ஏற்றிய ஆள், பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்து இதற்கும் கை நீட்டினான். “அத விடுப்பா. வீட்டுல தண்ணி குடிக்கிற சொம்பு அது” என்றார் அமீனா.

சித்தப்பா தெருவில் நடமாட வெகு நாளாயிற்று. பிற்பாடு வேறொருவரின் பாத்திரக் கடையில் கூலிக்குச் சேர்ந்தார். அங்கேயும் தண்ணீர் அண்டாவைத்தான் முதலில் இறக்கினாராம். அந்தக் குழுமத்தின் பக்கம் நான் மறுபடி போனபோது ஒரு பையன் துபாயிலிருந்து கேட்டிருந்தான். உசிலம்பட்டியில் அவன் அப்பா வீட்டுக்கு அமீனா வரப்போகிறாராம், என்ன செய்வது என்று. சித்தப்பாவிடம் சொன்னேன். வேலை முடிந்த கையோடு, தலையில் துண்டில்லாமல் பிரவுசிங் சென்டருக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வக்கீலப் போயிப் பாக்கச் சொல்லு. வெக்கப்பட வேணாம்னு சொல்லு. கதவத் தொறந்தே வைக்கட்டும். வாரவுக தண்ணி கேக்குறதுக்கு முந்தியே குடுத்துரணும்.” நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். “கீழ என் பேரப் போடு தாயி. முழுப் பேரையும் போடு.”

போட்டேன்.

சித்தப்பா இப்போது இல்லை. பாத்திரம் வாடகைக்கு எடுக்கிற கல்யாணமும் குறைந்துவிட்டது. என் வீட்டு வாசலுக்கு நாள் தவறாமல் யாராவது பார்சல் கொண்டு வருகிறார்கள், ஹெல்மெட்டுக்குள் வேர்த்து வழிய. மணி அடித்ததும் இந்தச் சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். “வேணாம்க்கா, பாட்டில் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுப் பார்சலைத் தேடிக்கொண்டே படி இறங்குவார்கள். நான் சொம்போடு வாசலில் நிற்கிறேன்.