அன்னத்தாய் போட்ட வரிசை

என் மாமியார் அன்னத்தாய்க்கு அறுபத்திரண்டு வயது. தாராவியில் எங்கள் கல்லிக்கு, அதாவது சந்துக்கு, ஒரே ஒரு குழாய் இருந்த காலத்தில், இருபத்தாறு வருஷம் அதற்கு வரிசை போட்டவர். யாரும் அவரை நியமிக்கவில்லை. யாரும் மறுத்துப் பேசவும் இல்லை. காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஏழரைக்கு நின்றுவிடும். அதற்குள் நாற்பத்தோரு வீட்டுக் குடமும் கேனும் நகர வேண்டும். ஆள் நிற்க வேண்டாம், பாத்திரம் நின்றால் போதும். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கைப்பிடி உடைந்த மஞ்சள் கேனைப் பார்த்தால், அதன் சொந்தக்காரியின் மூட்டுவலி வரைக்கும் சொல்லிவிடுவார்.

போன வருஷம் வீட்டுக்கு வீடு பைப் வந்துவிட்டது. அதைக் கேட்டு மனு எழுதியது நான், அவர் மருமகள் ஜெபா. செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிசப்ஷனில் உட்காருகிறேன். குடம் சுமந்துவிட்டு ஏழே கால் டிரெயினைப் பிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். அத்தைக்குத் தெரியாமல் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். கெட்ட காரியம் எதுவும் செய்யவில்லை என்று எனக்கு நானே தினமும் சொல்லிக்கொண்டேன். தினமும் சொல்ல வேண்டித்தான் இருந்தது.

பைப் வந்த பிறகு அத்தை ஆளே மாறிவிட்டார். ஐந்து மணிக்கு எழுந்து காய்ந்த குழாய்க்குப் பக்கத்தில் போய் உட்காருவார். சண்டை போடக்கூட ஆள் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, பிபி ஏறியது. எங்காவது கூட்டிப் போங்கள் என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆபீஸ் குலுக்கலில் எனக்குப் பரிசு விழுந்தது. கொங்கண் கரையில் ஒரு காட்டு முகாமில் இரண்டு பேருக்கு மூன்று நாள் தங்கல். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தையும் நானும் கிளம்பினோம்.

பஸ்ஸில் எட்டு மணி நேரம், பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு ஓர் உப்பங்கழியைப் படகில் தாண்டினால் முகாம். சவுக்குத் தோப்புக்குள் ஆறு கூடாரம். போனில் சிக்னல் கிடையாது, கரண்ட் கிடையாது. அதை நடத்தும் ஜஹாங்கீர், அரை டிரவுசரும் நரைத்த தாடியுமாக வந்து, இங்கே நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று ஹிந்தியில் வரவேற்றார்.

"ஒண்ணுஞ் செய்யாம இருக்கதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்? அத வீட்லயே செஞ்சிட்டுதான இருந்தேன்" என்றார் அத்தை என்னிடம்.

குளிக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் மலை ஊற்றிலிருந்து இழுத்த ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். அதில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. அத்தை அதைப் பார்த்த பார்வையைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து எங்கள் பக்கெட்டைக் குழாயடியில் வைத்தார். காற்று உருட்டிக்கொண்டு போகாமல் உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டார். எங்கள் கல்லியில் அதற்கு அர்த்தம் 'முதல் ஆள் நான்' என்பது. முகாமுக்கு வந்திருந்தவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த தமிழ்ப் பெண் சாதனா, பக்கெட்டையும் கல்லையும் கும்பிடாத குறையாகப் பார்த்து, இது முகாமில் சொல்லித்தரும் ஏதோ தியானம் என்று முடிவுகட்டி, தன் செம்புப் பாட்டிலுக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுப் பின்னால் வைத்தார். அவர் கணவர் நிகில் யோகா பாயைச் சுருட்டி வைத்தார். பாய்க்குத் தண்ணீர் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் போனபோது பதினோரு சாமான் நின்றது, எல்லாவற்றிலும் கல்.

அத்தை இடுப்பில் கை வைத்தார். "பாய எடு. பாயி தண்ணி குடிக்காது. கைப்புள்ளக்காரி முன்னால வா." தமிழ் தெரியாத மற்றவர்களுக்கு இதையே தாராவி ஹிந்தியில் சொன்னார். எல்லோரும் சொன்னபடி நகர்ந்தார்கள்.

விஷயம் குழாயோடு நிற்கவில்லை. வலை ஊஞ்சலுக்கு வரிசை வந்தது. சூரியன் மறைவதைப் பார்க்கும் பாறையில் நாலு பேர்தான் உட்கார முடியும் என்பதால் அதற்கும் வந்தது. செருப்புகள் மணலில் வரிசையாக நின்றன. சூரியன் அது பாட்டுக்கு இறங்கிவிட்டது. ஏழாவது செருப்பின் சொந்தக்காரர், ஒரு பாங்க் மேனேஜர், நாளைக்கு என்னை முதலில் விடுவீர்களா என்று அத்தையிடம் கேட்டார். அத்தை நன்றாக யோசித்து, விடுகிறேன் என்றார்.

ஜஹாங்கீர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, யே ஜங்கல் ஹை!"

காட்டிலும் குழாய் ஒன்றுதானே என்று திருப்பிக் கேட்டார் அத்தை. அடுத்த நாள் காலை ஜஹாங்கீருடைய தண்ணீர் மக்கும் வரிசையில் நின்றது, கல்லோடு.

மூன்றாம் நாள் பாறை வரிசையில் நிகில் மாட்டிக்கொண்டார்.

"எய்யா, நாலாவதா நின்ன செருப்பு ரெண்டாவதுக்கு எப்படி வந்திச்சி? நடந்து வந்திச்சோ?"

"அலை தள்ளியிருக்கும் ஆன்ட்டி."

"அலை ஒனக்கு மட்டும் சொந்தக்காரனோ? கடைசிக்குப் போ."

பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறவர், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போனார். அன்றைக்குச் சாப்பாட்டில் அத்தை மூன்று பாங்டா மீனை முள் மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. இந்த மனுஷியின் வேலையைப் பிடுங்கியவள் நான்தானே.

கிளம்பும் காலையில் படகுக்குப் பைகளை வரிசை வைத்ததும் அத்தைதான். கைப்பிள்ளைக்காரி, கால் வலிக்காரர் என்று பார்த்துப் பார்த்து ஏற்றியதில் படகு நிறைந்து, நாங்கள் இரண்டு பேரும் கரையில் நின்றுவிட்டோம். ஜஹாங்கீர் வந்தார். டிசம்பரில் நாற்பது பேர் வருகிறார்கள், ஒரு மாதம் வந்து இருங்கள், நீங்கள் இல்லாமல் என்னால் முடியாது என்று கை கூப்பிக் கேட்டுவிட்டுப் போனார். இந்த ஒரு வருஷத்தில் வீட்டில் நாங்கள் யாரும் அந்த வார்த்தையை அத்தையிடம் சொன்னதில்லை. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அத்த, பைப் கேட்டு மனு எழுதுனது நான்தான்."

அத்தை கடலைப் பார்த்தபடியே, "தெரியும்ட்டி" என்றார். "பைப்பு மாட்ட வந்த மாரிசெல்வம், காயிதத்துல மேல ஒன் பேருதான் இருக்குன்னு அன்னைக்கே சொன்னான். எந்த வீட்லேந்து ஆரம்பிக்கன்னு பெறகு யார்ட்ட கேப்பான்? பத்து நாள் வேல. ஆளாளுக்கு எனக்கு மொதல்ல, எனக்கு மொதல்லன்னு நிக்காவ. நான்தான் வரிசை போட்டுக் குடுத்தேன். படுக்கையில கெடக்க வானமாமலை அண்ணாச்சி வீடு மொத. மாசமா இருந்த மானசா ரெண்டாவது."

"நம்ம வீடு?"

"கடைசி. வரிசை போடுதவ வீடு முன்னால நின்னா அது வரிசையா?"

கடைசி வீட்டுக்குப் பைப் மாட்டிய அன்றோடு தன் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒரு வீட்டைக்கூடத் தவறவிடாமல் அதையும் ஒழுங்காக நடத்தி முடித்திருக்கிறார். நான் வாய்விட்டு அழுதேன்.

"எதுக்குட்டி அழுத? குடம் தூக்கித் தூக்கி ஒனக்குக் கழுத்து வலின்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

படகு திரும்பி வந்தது. முழுக்கக் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அத்தை என் தோளைத் தொட்டு, என்னை முதலில் ஏறச் சொன்னார்.