கோப்பையை நான் கேட்கவில்லை

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை, என் மகன் சரவணனின் வலது கை உணர்ச்சியற்றுப் போனது. அயர்லாந்து மைதானத்தில் நடந்ததை டிவி நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பூஜை அறையில் நின்றிருந்தேன்.

முருகனை நம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் பரமேஸ்வரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அழகாக எழுத வராது. ஆனால் நடந்ததைச் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்கப்போவதில்லை.

சரவணன் இங்கே அமெரிக்காவில், பேர்லேண்டில் பிறந்து வளர்ந்தவன். மற்றப் பிள்ளைகள் ரோபாட்டிக்ஸ் வகுப்புக்குப் போனபோது இவன் ரக்பி பந்தைத் தூக்கிக்கொண்டு போனான். அயர்லாந்துக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு அணி இவனைச் சம்பளம் கொடுத்தே எடுத்துக்கொண்டது. அந்த அணிக்கு வருஷத்தில் இரண்டு போட்டி. ஒன்று லீக். புரட்டாசியில் தொடங்கினால் வைகாசி வரைக்கும் பல நாட்டு அணிகளோடு மோதிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று கோப்பை. அதில் கடைசிக் கட்டம் வந்துவிட்டால் ஒரு முறை தோற்றாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், குனிந்து தலையைக் கோத்துக்கொண்டு கிடா முட்டுவதுபோல் தள்ளுவார்கள். முன்வரிசையில் நட்டநடுவில் என் பிள்ளை. அவனுடைய இரண்டு கையும் பக்கத்து ஆட்களின் தோள்மேல் இருக்கும். சரிந்து விழுந்தால் ஊன்றக் கை கிடையாது. நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கழுத்து அது. எப்படிப் பார்ப்பேன்? ஸ்க்ரம் என்றாலே எழுந்து பூஜை அறைக்கு ஓடிவிடுவேன்.

நான் பயந்தாங்கொள்ளி. இல்லை, பயந்தாங்கொள்ளியாக இருந்தவள். ஃப்ரீவேயில் கார் ஓட்டமாட்டேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். சீசன் தொடங்கிய அன்று திருஷ்டி கழிக்கிறேன் என்று டிவிக்கே மிளகாய் சுற்றிப் போட்டேன். ஸ்மோக் அலாரம் அலறி, தெருவே வெளியே வந்து நின்றது. சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவில் என்ன கேட்பார்களோ என்று பயந்து இத்தனை வருஷமும் இந்தியப் பாஸ்போர்ட்டோடேயே இருந்துவிட்டேன். அந்தப் பயம்தான் கடைசியில் என்னைப் பழிவாங்கியது.

அன்றைக்கு லீக் ஆட்டம். கிறிஸ்துமஸ் சமயத்தில் அயர்லாந்து அணிகள் ஒன்றோடொன்று மோதும். ஸ்க்ரம் வந்ததும் வழக்கம்போல் ஓடினேன். கூட்டத்தின் சத்தம் திடீரென்று அடங்கியது. "பரமு, வராதே!" என்று என் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து கத்தினார். வராதே என்றால் என்ன அர்த்தம் என்று எந்தத் தாய்க்கும் தெரியும்.

ஸ்க்ரம் சரிந்து, கழுத்தில் நரம்பு நசுங்கியிருந்தது. கால் நடந்தது. வலது கை மட்டும் வேலை செய்யவில்லை. சில வாரம் பொறுத்துப் பார்ப்போம், நரம்பு தானாகத் திரும்பாவிட்டால் ஆபரேஷன், அதற்குப் பிறகும் கை முழுதாக வருமென்று உறுதி சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். என் வீட்டுக்காரர் சிட்டிசன். உடனே விமானம் ஏறிவிட்டார். எனக்கு விசா வேண்டும். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, வராத பதிலுக்காக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்தி. சோறு இறங்கவில்லை. ஃபோனில் அவனைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தேன். விரல் அசையுதா, தூங்கினியா, டாக்டர் முகம் எப்படி இருந்தது? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும். "ஐம் ஃபைன், அம்மா."

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் சமையலறையில் காய் நறுக்கப் போவேன். அங்கே பத்மா அக்கா இருப்பார். சென்னைக்காரர். மனசு கெட்டவர் இல்லை, வாய்தான்.

"இதோ பாரு பரமு, காசிக்குப் போனா பிடிச்சது ஒண்ணை விட்டுட்டு வரோமில்ல? நான் கத்தரிக்காயை விட்டேன். அதே மாதிரி, இவன் ஆட்டத்தை விட்டுடுவான்னு முருகன்கிட்ட வேண்டிக்கோ. கை தன்னால வரும். அப்புறம் ஒழுங்கா ஒரு மாஸ்டர்ஸ் பண்ணட்டும்."

"அது அவனோடதுங்க்கா. அவனோடதை எடுத்து நான் எப்படிங்க குடுக்கறது?"

"பெத்தவளுக்கு இல்லாத ரைட்ஸா? சரி, உன்னோடதுல எதை விடுவ? காபியையா?"

"பரமு அக்கா காபியை விட்டா அன்னிக்கு சாம்பார்ல உப்பு இருக்காது, பரவால்லையா?" என்றாள் கேரட் சீவிக்கொண்டிருந்த ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையோடு முருகன் சன்னதிக்குப் போனேன்.

கெஞ்சத்தான் போனேன். சண்டையில் முடிந்தது.

"அவன் ஆட்டத்தை நான் தரமாட்டேன். அது நீ அவனுக்குக் குடுத்தது. வேணும்னா நீயே அவன்கிட்டப் பேசிக்கோ. எனக்கு அவன் கை வேணும். பதிலுக்கு என்னால விடவே முடியாதது எதுவோ அதைத் தர்றேன்."

அது காபி இல்லை. நகையும் இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு பொழுதும் நான் கீழே இறக்கி வைக்காதது ஒன்றே ஒன்றுதான். என் கவலை.

"இந்தா, எடுத்துக்கோ. சரவணனைப் பத்தி இனிமே கவலைப்படமாட்டேன். கண்ணையும் மூடமாட்டேன். நான் வாக்குத் தவறினா என்னைக் கேளு. நீ தவறினா நான் வந்து கேப்பேன்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வேண்டிக்கொள்வது சுலபம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஃபோன் அடித்தது. நாக்கு நுனியில் அத்தனை கேள்வியும் வந்து நின்றது. ஒன்றையும் வெளியே விடவில்லை. "சாப்பிட்டியா கண்ணு?" என்றேன். பிறகு, பக்கத்து வீட்டு நாய் நம் துளசியைத் தோண்டிப்போட்ட கதையைச் சொன்னேன்.

அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அம்மா, ஆர் யூ ஓகே? யூ ஆர் நாட் ஆஸ்கிங் எனிதிங்."

"எனக்கென்ன சாமி, நல்லாத்தான் இருக்கறேன்."

அப்போதுதான் அவன் உடைந்தான். "அம்மா, ஐ காண்ட் ஹோல்ட் எ ஸ்பூன். அப்பாதான் ஊட்டறாரு. ஐம் ஸ்கேர்ட்."

இத்தனை நாளும் நான் கேட்டுக் கேட்டே அவன் வாயை அடைத்து வைத்திருந்தேன். கேட்காத அன்றைக்குச் சொல்லிவிட்டான். பழைய கவலை ஓடி வந்தது. ஆனால் முருகனிடம் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதே.

"நீ பயப்படு கண்ணு, தப்பில்லை. எத்தனை வேணும்னாலும் பயப்படு. உனக்கும் சேத்து நான் தைரியமா இருந்துக்கறேன்."

அவன் அழுதான். நான் அழவில்லை. அதன் பிறகு தினமும் அவனே கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னான். ராத்திரி கை எரிந்தது, பயிற்சியில் கோபம் வந்து அப்பாவைத் திட்டியது, அணி லீக்கில் மறுபடியும் தோற்றது, கோப்பையில் மட்டும் எப்படியோ தொற்றிக்கொண்டிருப்பது, எல்லாம்.

தைப்பூசம் வந்தது. பால்குடம் எடுக்கக் கோயில் வாசலில் நிற்கிறேன், ஃபோன். எப்போதும் இங்கிலீஷில் பேசும் பிள்ளை தமிழில் பேசினான்.

"அம்மா, ஸ்பூன் ஜில்லுன்னு இருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குடம் மட்டும் சாயவில்லை.

டாக்டரும் பிசியோவும் பட்ட பாட்டை நான் மறைக்கவில்லை. அவர்களுக்காகவும் விளக்கேற்றுகிறேன். ஆபரேஷன் வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். கையில் பலம் திரும்பி, என் வீட்டுக்காரரும் வீடு வந்து சேர்ந்த பிறகு மறுபடி ஸ்கேன் எடுத்து, கழுத்து நன்றாக இருக்கிறது, ஆடலாம் என்றும் அவர்களே சொன்னார்கள். அன்றைக்குச் சரவணன் கேட்டான். "அம்மா, டு யூ வாண்ட் மீ டு ஸ்டாப்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் விட்டிருப்பான். எனக்குக் கடைசிவரை நிம்மதி. முருகன் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது எனக்குத் தெரியாதா?

"உனக்கு வேண்டாம்னா விடு. எனக்கோசரம் விடாதே" என்று சொல்லிப்போட்டேன்.

பங்குனி உத்திரம் முடிந்த வாரம் கோப்பைக் காலிறுதி. கோயில் சமையலறைக் கூட்டத்தையே வீட்டுக்குக் கூப்பிட்டேன், பத்மா அக்கா உட்பட. அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கிவைத்துவிட்டு, பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டு, டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"என்னடி இது, கபடியும் கல்யாணப் பந்தியும் சேர்ந்த மாதிரி இருக்கு?" என்றார் பத்மா அக்கா.

இரண்டாம் பாதியில் சரவணனை இறக்கினார்கள். உடனே ஒரு ஸ்க்ரம். குனிந்தார்கள். கோத்துக்கொண்டார்கள். தள்ளினார்கள். அப்படியே சரிந்தது. "ஐயோ முருகா!" என்று பத்மா அக்கா முகத்தை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. கண் எரிந்தது, மூடவில்லை. சேற்றுக் குவியலிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் என் பிள்ளை. வலது கையைத் தரையில் ஊன்றி எழுந்தான்.

கடைசி நிமிஷத்தில் எதிரணி உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய்விட்டது. தோற்றோம். லீக்கிலும் பிறகு நடுவில் எங்கேயோதான் முடித்தார்கள்.

"என்ன பரமு, இவ்ளோ வேண்டிக்கிட்டும் தோத்துட்டாங்களே?"

"கோப்பையை நான் கேக்கலைங்க்கா. கையைத்தான் கேட்டேன். அங்க பாருங்க."

டிவியில் தோற்றவர்கள் வரிசையாகப் போய் ஜெயித்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சேறு படிந்த அந்தக் கையைப் பத்மா அக்கா வெகுநேரம் பார்த்தார். பாத்திரம் கழுவும்போது என் காதோரம் சொன்னார். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு பரமு. விட முடியலை."

"கத்தரிக்காயையே விட்டீங்களேக்கா. வாங்க, சேந்தே போலாம்."

உங்களையும்தான் கூப்பிடுகிறேன். சுலபமானதை விடாதீர்கள். பிள்ளைகளுடையதை எடுத்துக் கொடுக்காதீர்கள். உங்களால் எது முடியாதோ அதைக் கொண்டுபோய் அவன் காலடியில் வையுங்கள். அது திரும்பி வரும். என் கவலையும் தினமும் வந்து கதவைத் தட்டுகிறது. உன்னைக் கொடுத்தாயிற்று, போ என்று விரட்டுகிறேன். சிட்டிசன்ஷிப்புக்கும் எழுதிப்போட்டுவிட்டேன். கேட்கட்டும், என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும்.

சீசன் முடிந்து சரவணன் வந்தபோது ஏர்போர்ட்டுக்கு நானே போனேன், ஃப்ரீவேயில். "ஹூ ட்ரோவ்?" என்று அவன் அப்பாவைத் தேடினான். "உங்கம்மாதான்" என்று சாவியை ஆட்டிக் காட்டினேன்.

திரும்பும் வழியெல்லாம் லாரிகள் என்னைத் தாண்டிப் போயின. நான் பயப்படவில்லை. பக்கத்து சீட்டில் அவன்தான் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தான். வலது கையால்.