ஒன்பதாம் நம்பர் பூட்ஸுக்கு ஒரு பலகை

கனடாவுக்கு வந்து இறங்கிய எவருக்கும் அந்தக் காலத்தில் முதலில் கிடைத்த புத்திமதி ஒன்றுதான். குளிருக்குச் சப்பாத்து வாங்கும்போது இரண்டு சைஸ் பெரிதாக எடு, உள்ளே இரண்டு சொக்ஸ் போடலாம். விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போக வந்த என் கணவரும் அதைத்தான் சொன்னார். கலியாணம் பேசி இரண்டு வருடம் கடிதத்திலேயே பழகிய மனிதர், நேரில் கண்டதும் வேறு ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவரோ என் காலைப் பார்த்து, "உமக்கு என்ன சைஸ்?" என்று கேட்டார்.

அவர் எனக்கு ஐந்து வருடம் முன்பே வந்தவர். ஸ்காபுறோவில் பத்தாம் மாடியில் ஒரு அறை வீடு வைத்திருந்தார். அவருக்கு இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஆறு மாதத்தில் மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் இடத்தில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு வில்லையையும் விளக்குக்கு நேரே பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எட்டு மணித்தியாலம் குறை பிடித்தே சம்பளம் வாங்கியவள் வீட்டுக்கு வந்து சும்மா இருப்பேனா? அவரிடமும் குறை பிடித்தேன். முக்கியமான குறை, படுக்கும்போதும் அவர் சொக்ஸ் கழற்றமாட்டார். ஜூலை மாத வெக்கையிலும் கழற்றமாட்டார்.

"உங்கடை காலை நான் இன்னும் பாக்கேல்லை. அது சீதனப் பேச்சிலை சேரேல்லையோ?" என்று கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டு போர்வையைக் கீழே இழுத்து விடுவார்.

எங்கள் வேலையிடத்தில் வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து, நானூறாம் நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் வடக்கே, பனிமலைக்குக் கூட்டிப்போவார்கள். மற்றவர்கள் ஸ்கீ எடுத்தார்கள். இரண்டு காலையும் இரண்டு கட்டைகளில் தனித்தனியாக ஓட விட எனக்குத் துணிவில்லை. இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிவிடும் ஸ்னோபோட் பத்திரமானது என்று நினைத்தேன். அது பிழையான கணக்கு என்பது முதல் அரை மணித்தியாலத்திலேயே என் பின்பக்கத்துக்கு விளங்கிவிட்டது.

விழுந்த இடத்திலேயே குந்தியிருந்தபோதுதான் அதைக் கண்டேன். எல்லாரும் பலகையைக் குறுக்கே போட்டுப் பனியைச் சுரண்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒருவர் மட்டும் பலகையை விளிம்பில் சாய்த்து, சுரண்டாமல், சத்தமில்லாமல், வளைந்து வளைந்து இறங்கினார். அவர் போன பிறகு பனியில் ஒரு மெல்லிய கோடு கிடந்தது. தையற்காரி சோக்கால் துணியில் கீறிய கோடு மாதிரி. அதற்குக் கார்விங் என்று பெயர் என்பதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு அந்தக் கோடு வேண்டும் என்று இருந்தது. நகை வேண்டும், வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பழகிய எனக்கு இப்படி ஓர் ஆசை வந்தது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே ஸ்னோபோட்டுக்கான பூட்ஸ். பிளாஸ்டிக் கோது போன்ற கடினமான வகை இல்லை, காலோடு வளைகிற மென்மையான வகை. பக்கத்தில் ஊதா நிறக் கரை. நான் போடுவது ஏழாம் நம்பர். பெட்டியில் ஒன்பது என்று இருந்தது.

"ரெண்டு சொக்ஸ் போடலாம்," என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தாலிக்கொடி தந்தபோதுகூட அந்த முகம் இல்லை.

நகருக்குள்ளேயே பனியில் சறுக்கிப் பழக ஒரு சின்ன மேடு இருந்தது. அங்கே பலகையை வாடகைக்கு எடுத்து, அந்த பூட்ஸைப் போட்டுப் பழகினேன். நேரே போக வந்தது, நிற்க வந்தது. பலகையைச் சாய்த்து வளைக்கப் போனால் மட்டும் யாரோ காலைத் தட்டிவிட்டது போல முகம் குப்புற விழுந்தேன். பத்துத் தரம் விழுந்த பிறகு எழும்பி, கீறல் பார்க்கிற கண்ணால் பனியைப் பார்த்தேன். விளிம்பு கீறிய கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தடித்த கோடு கிடந்தது. அது பூட்ஸின் நுனி உழுத கோடு. பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனி பனியில் கொத்தி, விளிம்பைக் கிளப்பி, என்னை விழுத்திக்கொண்டிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சறுக்குகிறது என்று மட்டும் சொன்னேன்.

"வாடகைப் பலகை அப்பிடித்தான்," என்றார் அவர். "உமக்கெண்டு ஒரு போட் வாங்குவம். ஆனா ஒருக்காத்தான் வாங்கலாம். வடிவாப் பாத்து எடுக்கவேணும்."

ஸ்னோபோட் விற்கும் கடையில் என் வயதுப் பெண் ஒருத்தி வேலைக்கு நின்றாள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. பலகையால் வந்த உடைவாகத்தான் இருக்கவேண்டும் என்று அவள் மேல் உடனே மரியாதை வந்தது. கார்விங் செய்யப் பலகை வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் என் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தாள். கோடு கீறுகிற பைத்தியங்கள் எல்லாரும் கடின பூட்ஸ் அல்லவா போடுகிறார்கள் என்றாள். அதைப் போட்டுக்கொண்டு படியில் இறங்க முடியாது, இது என் கணவர் வாங்கித் தந்தது என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

பிறகு பலகை பலகையாக எடுத்துச் சுவரில் சாத்தி விளக்கினாள். நிமிர்த்தி வைத்தால் நாடிக்கும் மூக்குக்கும் நடுவே வரவேண்டும். பனியைத் தொடுகிற விளிம்பு நீளமாக இருக்கவேண்டும். வளைந்து கொடுக்காத விறைப்பு வேண்டும், ஆனால் மென்மையான பூட்ஸ் சொன்னால் கேட்காத அளவு விறைப்பும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பலகையின் இடுப்பு, அதாவது நடுப்பகுதியின் அகலம். இடுப்பு ஒடுங்கியிருந்தால்தான் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்குச் சட்டென்று மாறலாம். ஆனால் சப்பாத்து நுனி வெளியே நீட்டவும் கூடாது.

அவள் கருநீலப் பலகை ஒன்றைக் கம்பளத்தில் போட்டு என்னை பூட்ஸோடு ஏறி நிற்கச் சொன்னாள். பலகை அவ்வளவு வடிவு. என் பூட்ஸ் நுனி இரண்டும் இழுத்து விட்ட மேசை லாச்சி போல வெளியே நின்றன. அவள் முழந்தாளிட்டு நுனியைப் பெருவிரலால் அமத்தினாள். உள்ளே விரல் இல்லை. இது உங்களுக்குப் பெரிது, விரல் நுனி முன்னுக்கு முட்டவேண்டும், ஏழு போட்டுப் பாருங்கள் என்றாள்.

என் கணவர் அதுவரை வேறொரு பலகையின் ஆணித் துளைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றவர். நிமிர்ந்தார். அவர் முகம் விழுந்துபோயிற்று. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள் நான். என் மாமியாருக்கே கடிதத்தில் வாய் காட்டியவள். அன்றைக்கு எனக்கு அந்த வாய் வரவில்லை.

"இல்லை, இது எனக்கு அளவுதான்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பெரிய கால் ஆண்களுக்கான அகலப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தாள். பச்சை நிறம். கதவைக் கழற்றிக் கொண்டுவந்தது போல இருந்தது. என் பூட்ஸ் அதற்குள் அடங்கியது. பலகையை எனக்காக எடுக்க வந்தவள் பூட்ஸுக்காக எடுத்துக்கொண்டு போனேன். அந்த பூட்ஸைத் தந்த மனிதருக்காக என்பதுதான் உண்மை.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் மலைக்குப் போனோம். அவர் காலையில் ஓவர்ரைம் வேலை முடித்து, இரும்பு நுனி வைத்த வேலைச் சப்பாத்தோடேயே வந்து, பிளாஸ்கில் பிளேன்ரீயுடன் அடிவாரத்துக் கம்பி வேலியோடு நிற்பார். உள்ளே போய் இருங்கோ, கால் குளிருமென்று சொல்வேன்.

"எனக்குக் கால் குளிருறேல்லை," என்பார்.

ஆம்பிளைகளின் வீம்பு என்று நினைத்துக்கொள்வேன்.

நான் இப்போது குப்புற விழவில்லை. ஆனால் கோடும் வரவில்லை. நான் காலைச் சாய்த்தால் முதலில் கால் பூட்ஸுக்குள் ஓடும், பிறகு குதிகால் கிளம்பும், பிறகு பூட்ஸ் சாயும், கடைசியாக அந்தக் கதவு யோசித்து யோசித்துத் திரும்பும். அதற்குள் வளைவு முடிந்துவிடும். பனியில் விழுந்தது கோடு இல்லை, தோசைக் கரண்டியால் மாவை இழுத்து விட்ட அடையாளம். ஒவ்வொரு முறையும் மேலே திரும்பிப் பார்ப்பேன், ஒவ்வொரு முறையும் அழுகை வரும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் மலைக்கு மேலே ஏற்றும் கம்பி லிஃப்டில் தனியே இருந்து உண்மையாகவே அழுதேன்.

மார்ச் மாதம், பனி உருகத் தொடங்கிய நேரம். நான் இறங்கி வந்தபோது அவர் வேலிக்கரையில் இல்லை. சரிவின் ஓரத்தால் ஏறிப்போய், நான் வந்த தடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கி வந்து என்னை அடிவாரத்து மர வாங்கில் இருத்தினார். என் முன்னால் குந்தி, கடைக்காரி செய்தது போலவே பூட்ஸ் நுனியைப் பெருவிரலால் அமத்தினார்.

"உமக்கு இது பெரிசு," என்றார். "முதலே தெரியும், என்ன?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் வாங்கித் தந்தது. எப்பிடிச் சொல்லுறது?"

அவர் என் பூட்ஸிலிருந்து கையை எடுத்தார். பிறகு பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கடையிலை அந்தப் பிள்ளை சொல்லேக்கையே எனக்கும் விளங்கினது. விரல் முட்டவேணும் எண்டாள். அது கேட்டதும் எனக்குப் பயமாப்போச்சு, அதாலை நானும் வாய் திறக்கேல்லை. நான் வந்த முதல் வின்ரர், ஆரோ தந்த இறுக்கமான சப்பாத்து. விரல் முட்டும். அதோடை பஸ்சுக்கு நிண்டு நிண்டு, வலது காலிலை ரெண்டு விரல் விறைச்சுப் போச்சு. இண்டைக்கும் உணர்ச்சி இல்லை. நிறமும் ஒரு மாதிரி. உமக்குக் காட்டினா அருவருப்பா இருக்குமெண்டு..."

நான் குனிந்து அவருடைய கால்களைப் பார்த்தேன். இரும்பு நுனி வைத்த சப்பாத்து, சுற்றிவர உருகிய பனித்தண்ணி. குளிருறேல்லை என்று அவர் சொன்னது வீம்பில்லை. அந்த இரண்டு விரலுக்கும் உண்மையாகவே தெரியாது. கீறல் பார்த்துச் சம்பளம் வாங்குகிற நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பனியில் என் கோடு விழுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்தவரின் சொக்ஸை வைத்துப் பகிடி விட்டிருக்கிறேன். எனக்கு என் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அன்றிரவு அவர் சொக்ஸ் கழற்றினார். இரண்டு விரல்கள், கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் வளைந்து, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு மறைப்பு என்று ஏசிவிட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிடித்தது அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் பழைய ஸ்னோபோட்டுகளை விற்று மாற்றும் சந்தையில் அந்தப் பச்சைக் கதவைக் கொடுத்துவிட்டு, இடுப்பு ஒடுங்கிய பலகை ஒன்றை எடுத்தோம். கடையில் ஏழாம் நம்பர் பூட்ஸை அவரே எடுத்துத் தந்தார். விரல் முன்னுக்கு முட்டுகிறதா என்று மூன்று தரம் கேட்டார், முட்டுகிறது என்றதும் மூன்று தரமும் முகம் சுளித்தார். பழைய ஒன்பதாம் நம்பரை நான் வீசவில்லை. அவருக்குக் கால் சின்னன். இரண்டு சொக்ஸோடு அது அவருக்கு அச்சாவாகப் பொருந்தியது. ஊதாக் கரை போட்ட பொம்பிளைச் சப்பாத்து என்று முதலில் மாட்டேன் என்றார். நான் விடவில்லை.

முதல் பனி இறுகிய காலையில் மேலேயிருந்து இறங்கினேன். விரலைச் சாய்த்தேன், பலகை உடனே சாய்ந்தது. குதிகாலில் பாரத்தைப் போட்டேன், உடனே திரும்பியது. சுரண்டும் சத்தம் இல்லை. கீழே வரும்வரை ஒரு சத்தமும் இல்லை. வந்து நின்றதும் கோடு விழுந்ததா என்று திரும்பிப் பார்க்கத்தான் கழுத்து துடித்தது. ஆனால் முதலில் வேலியடியில் நின்ற அந்த ஊதாக் கரைகளைத்தான் பார்த்தேன்.

"கால் எப்பிடி?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டைப் பற்றித் தெரியாது," என்றார். "மற்ற எட்டும் சூடா இருக்கு."

அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் திரும்பி மேலே பார்த்தோம்.