ஊக்கி காயக்கூடாது

ஐதரசன் வாயுவோடு வேலை செய்கிற ஆய்வுகூடத்தில் ஒருவரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் அப்படியோர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். இரசாயனச் சேர்வைகளில் ஐதரசனை ஏற்றுவோம்; அதற்குத் தாழ்த்தல் என்று பெயர். இந்தத் தாக்கத்தை விரைவாக்கும் ஊக்கி, கரித்தூளில் ஏற்றிய பலேடியம் உலோகம். இதே வேலையில் மாட்டுப்பட்டிருக்கும் உங்களுக்கு மிச்சம் விளங்கும்.

பலூன்

பெரிய கருவி எங்களிடம் இல்லை. ஐதரசனைப் பலூனில் நிரப்பி, ஊசி வழியாகக் குடுவைக்குள் விடுவோம். பலூன் சுருங்கினால் வாயு உள்ளே போகிறதா, வெளியே ஒழுகுகிறதா என்று தெரியாது. அதனால் யன்னலுக்கும் குடுவைக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பேன்.

பலூன் வாங்குவது சந்தியிலுள்ள கடையில். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத் தடித்ததாகத்தான் எடுப்பேன். ஒருநாள் கடைக்கார அக்கா பொறுக்கமுடியாமல் கேட்டா: “உங்கட வீட்டில எத்தின பிள்ளையள் மிஸ்? கிழமைக்குக் கிழமை பிறந்தநாளாக் கிடக்கு!”

கந்தகம்

சுதா எங்கள் ஆராய்ச்சி மாணவி, கிரானிலிருந்து வருகிறவள். ஒரு நைத்திரோச் சேர்வையை அமீனாக்கினால்தான் அவளுடைய ஆய்வு முடியும். புலமைப்பரிசில் காலமோ முடியப்போகிறது. பலூன் சுருங்கிவிட்டது, ஆனால் தாக்கம் நடந்ததா என்று சோதிக்கும் மென்படைத் தட்டில் சேர்வையின் பொட்டு பழைய இடத்திலேயே இருந்தது. ஒன்றும் மாறவில்லை.

குடுவையில் போட்ட சேர்வையின் மிச்சத்தை மோந்து பார்த்தேன். மெல்லிய வெள்ளைப்பூண்டு மணம். முந்திய படியில் பாவித்த கந்தகச் சேர்வை இன்னும் ஒட்டியிருக்கிறது. கந்தகம் கொஞ்சம் பட்டாலே பலேடியம் செத்துப்போகும். போத்தலின் அடியில் கிடந்த கடைசி ஊக்கியையும் உடனே போட்டுப் பார்க்கத் துடித்தாள் சுதா. நான் போத்தலைப் பூட்டிவைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆய்வுகூடத் தொழினுட்ப உத்தியோகத்தர் ஜெறோம் அண்ணன்தான் சமாதானம் சொன்னார்: “மிஸ்ஸோட கோவிச்சு என்ன பிள்ளை? பலேடியம் கந்தகத்தோடயெல்லோ கூட்டுச் சேந்திட்டு!”

நெருப்பு

செத்த ஊக்கியை வடித்தெடுத்துச் சேர்வையை மீட்கவேண்டும். வடிதாளில் தங்கும் கரி ஈரமாகவே இருக்கவேண்டும்; காய்ந்தால் காற்றுப் பட்டுத் தானாகப் பற்றும். சுதா வடித்துக்கொண்டிருக்கையில் அவளுடைய அம்மா போன் எடுத்தார். கையுறையோடு விரல் மூட்டால் தட்டி, ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பினாள். வடிக்கிற பம்பி காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது; கரி காய்ந்துவிட்டது.

கரியின் ஓரம் சிவந்தது. எங்கள் வேலையைச் செய்ய மறுத்த ஊக்கி, தீப்பற்ற மட்டும் மறுக்கவில்லை. ஜெறோம் அண்ணன் பக்கத்திலிருந்த, எளிதில் தீப்பற்றும் மெதனோல் போத்தலைத் தூக்கிக்கொண்டு தூர ஓடினார். நான் பம்பியை நிறுத்திவிட்டு வாளி மணலைக் கொட்டினேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேசையிலிருந்த போன் கேட்டது: “என்னகா சத்தம்? கறிய அடிப்பிடிக்க விட்டுட்டியா?”

கடைசிக் கரண்டி

வடிந்த கரைசல் தப்பியிருந்தது. அதிலிருந்த சேர்வையைச் சுதா மணம் போகும்வரை சுத்திகரித்தாள். பாதி வீணாகிவிட்டது. பிறகு நானே பூட்டைத் திறந்து, கடைசிக் கரண்டி ஊக்கியைக் கொடுத்தேன். இதுவும் பிழையாகிப்போனால் அடுத்த போத்தல் வருவதற்குள் அவளுடைய காலம் முடிந்துவிடும். அவள் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் நடந்து நடுவில் முட்டிக்கொண்டோம். ஜெறோம் அண்ணன் கழுவின கண்ணாடிக் குடுவைகளையே திரும்பக் கழுவினார்.

தட்டை எடுத்துப் பார்த்தோம். பழைய பொட்டு இல்லை. கீழே புதிதாய் ஒன்று, அமீன் நிற்கவேண்டிய இடத்தில். சுதா சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி யன்னல்வரை நடந்துபோய் வந்தாள்: “மிஸ், எல்லாம் சரிவந்திட்டு. மறுகா ஏன் எனக்கு இன்னும் கால் ஓரிடத்தில நிக்குதில்ல?”

இரசாயனத் தாக்கத்தின் முடிவில் ஊக்கி மாற்றமடையாது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பக்கத்தில் நிற்கிறவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.