உதடு அசைந்த கேள்வி

என் மனைவி தொலைக்காட்சி வினாடி வினாவின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பாட்டுக்குக் காலை எட்டு மணிக்குத் தம்பானூர் போய், ரயில் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து, வேலை முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் கிழக்கேகோட்டையில் இருக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வாத்தியாருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் படியிறங்கத் தடுமாறி, திரும்பி வந்து திட்டிவிட்டுப் போனார்.

ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் காலைப் பலகாரமே கேள்வி பதிலோடுதான். அவள் நோட்டில் எழுதி வைத்திருப்பதை நான் பார்த்துக் கேட்பேன். நிகழ்ச்சி மலையாளத்தில் என்பதால் கேள்வியும் மலையாளத்தில். நடுவில் சட்னி வேண்டுமா என்பது மட்டும் நாங்கள் பிறந்து வளர்ந்த நாஞ்சில் நாட்டுத் தமிழில். அவள் பதில் தெரியாமல் திணறினால் எனக்குப் பொறுக்காது. வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதனால் முதல் எழுத்தைச் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் காட்டுவேன்.

"அத செய்யாதிய. எனக்கா வரட்டும்" என்பாள்.

மறுநாளும் காட்டுவேன். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

படப்பிடிப்புத் தளம் கழக்கூட்டம் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு மண் பாதையின் முடிவில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சிமெண்ட் மூட்டை அடுக்கும் கிடங்கு என்றுதான் சொல்வார்கள். காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் படுத்திய பாட்டில் ஒன்பதுக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசலில் கைபேசிகளை வாங்கி ஒரு துணிப் பைக்குள் போட்டு எண் எழுதிய அட்டையைக் கொடுத்தார்கள். அவளை மேக்கப் அறைக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது முகத்தில் கண்ணாடி இல்லை.

"லைட்டு கிளாசுல பட்டு மின்னுதாம். கழட்டச் சொல்லிட்டாவ. கேள்விய காதால கேட்டாப் போதும்லா" என்று சொல்லிக் கண்ணாடியை என் சட்டைப் பையில் போட்டாள். கண்ணாடி இல்லாமல் வேறு யாரோ போல இருந்தாள். தாராளமாக ஓர் உதட்டுச் சாயமும் போட்டுவிட்டிருந்தார்கள்.

போட்டியாளர்களின் உறவினர்களுக்கு மூன்றாவது வரிசை. என் பக்கத்தில் என் வயதுள்ள ஒரு அம்மா, சரிகைக் கரை போட்ட கசவு முண்டு உடுத்தி, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய மகனும் இறுதிச் சுற்றில் இருந்தான். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மூன்றாவது ஆள் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. அவர் சார்பில் யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் எங்கள் முன்னால் வந்து நின்று விதிகளைச் சொன்னாள். பேசக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. சைகை, ஜாடை எதுவும் கூடாது. பிறகு எங்களைக் கைதட்டச் சொன்னாள். மேடையில் ஆளே இல்லை. இருந்தாலும் தட்டினோம். கேமரா எங்கள் முகங்களை வரிசையாகப் படம் பிடித்துக்கொண்டு போனது. ஆச்சரியப்படச் சொன்னாள், ஆச்சரியப்பட்டோம். சிரிக்கச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சேட்டன்டெ மகளோ?" என்று பக்கத்து அம்மா மேடையில் வந்து நின்ற என் மனைவியைக் காட்டிக் கேட்டார்.

மனைவி என்றேன். மேக்கப்பின் மகிமை என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் தமிழ் ஆள் என்று கண்டுகொண்டு எனக்காகத் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

முதல் சுற்று முடிந்தபோது வங்கி அதிகாரி பின்தங்கிவிட்டார். இவளும் அந்தப் பையனும் சமமாக இருந்தார்கள். ஒரு கேள்விக்குப் பத்துப் புள்ளி, தப்பாகச் சொன்னால் ஐந்து போய்விடும். இரண்டாம் சுற்றில் அவள் பஸ்ஸரை முதலில் அழுத்தினாள். கேள்வி இதுதான்: வாகடூகு எந்த நாட்டின் தலைநகரம்?

எங்கள் வீட்டில் குறைந்தது இருபது தடவை கேட்ட கேள்வி. ஒவ்வொரு தடவையும் அவள் மாலி என்பாள், பிறகு தலையில் அடித்துக்கொள்வாள். இப்போதும் அழுத்திவிட்டு யோசித்தாள். ஐந்து நொடிக்குள் சொல்ல வேண்டும். கடிகாரச் சத்தம் டிக் டிக் என்று கேட்டது. அவள் முகம் எங்கள் பக்கம் திரும்பியது. என் உதடு சேர்ந்து, குவிந்து, 'பு' என்றது.

"புர்க்கினா ஃபாசோ" என்றாள்.

கைதட்டச் சொல்லி ஹெட்போன் பெண் கையை உயர்த்தினாள். எல்லோரும் தட்டினார்கள். என் கை எழும்பவில்லை. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு கேட்ட கேள்வி எதுவும் என் காதில் விழவில்லை. அவள் பார்த்துவிட்டுத்தான் சொன்னாளா? தானாக ஞாபகம் வந்து சொன்னாளா? கேமரா என்னைப் பிடித்திருக்குமா? மாலிக்கும் உதடு இப்படித்தானே சேரும், அதைப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. மறு நிமிடம் அதே கேள்விகள் திரும்பி வந்தன. எழுந்து போகவும் வழியில்லை. நாற்காலியில் முன்னால் நகர்ந்தேன், பின்னால் சாய்ந்தேன், காலை மாற்றிப் போட்டேன். பக்கத்து அம்மா கைப்பையைத் திறந்து ஓர் இருமல் மிட்டாயை நீட்டினார்.

"ஒண்ணு சமாதானமா இரிக்கணும், கேட்டோ."

அவர் நல்லவராக இருந்தது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக் கடித்து நொறுக்கினேன்.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் கால் மணி நேர இடைவேளை விட்டார்கள். போட்டியாளர்களுக்கு மேடைக்குப் பின்னால் சாயா கொடுத்தார்கள். தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போவதாகச் சொல்லி நானும் உள்ளே போய்விட்டேன். அவள் காகிதக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உற்சாகமாக நின்றிருந்தாள். அப்போது பையனைவிடப் பத்துப் புள்ளி முன்னால் இருந்தாள்.

"என்ன, முகம் இப்படி இருக்கு?" என்றாள்.

"அந்த வாகடூகு கேள்விக்கு நான் வாய அசைச்சுட்டேன்."

"என்னது?"

"வீட்ல காட்டுவேம்லா, அது மாதிரி. வேணும்னு செய்யல. தன்னால வந்துட்டு."

கப்பைக் கீழே வைத்தாள். "நான் எங்க உங்களப் பாத்தேன்? கண்ணாடி இல்லாம மூணாவது வரிசைல நீங்க இருக்கியளா, தூண் இருக்கான்னே எனக்குத் தெரியாது. மைனஸ் நாலர. நீங்கதானே டெஸ்ட் பண்ணுனிய?"

உண்மைதான். அவள் கண்ணுக்கு நான்தான் சோதனை செய்து கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு உயிர் வந்தது.

"அப்போ ஒண்ணும் இல்லல்லா? விடு, விடு. நான்தான் வெறுதே பயந்துட்டேன்" என்றேன்.

ஆனால் அவள் முகம் மாறிவிட்டது. கப்பை மறுபடி எடுக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேராகக் கேள்வி கேட்பவரிடம் போனாள். அவர் பக்கத்தில் நடுவராக ஒரு ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் இருந்தார். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அரை மணி நேரம் படப்பிடிப்பு நின்றது. பதிவானதைப் போட்டுப் பார்த்தார்கள். எந்தக் கேமராவிலும் நான் இல்லை. நடுவர் என்னைக் கூப்பிட்டு, எழுத்தைக் காட்டியது உண்மையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். உண்மை என்றேன். அவர் அதட்டவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரிந்திருக்காது என்பதை நம்புவதாகவும், ஆனாலும் போட்டியாளர்கள் கையெழுத்துப் போட்ட விதிப்படி அந்தக் கேள்வியை நீக்கி வேறு கேள்வி கேட்கப்போவதாகவும் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். மூன்றாவது வரிசைக்கு நான் திரும்பி நடந்த தூரம் பத்தடிதான் இருக்கும். எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது.

உட்கார்ந்ததும் பக்கத்து அம்மா குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"நான் கண்டு, சேட்டா. அப்போழே கண்டு. பறயணுமோ வேண்டயோன்னு இத்தர நேரமும் எனக்கும் இருக்க முடியல. எழும்பிச் சொன்னா ஒரு குடும்பத்த அவமானப்படுத்துன மாதிரி. சொல்லலைன்னா எண்டெ மோனுக்கு அநியாயம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, இல்லை என்றா, அதை விடுங்கள் என்றா, எனக்குத் தெரியவில்லை.

மாற்றுக் கேள்வி அவளுக்கு மட்டும். ஸ்டாக்ஹோம் நகரத்தின் பழைய லத்தீன் பெயரை வைத்து அழைக்கப்படும் தனிமம் எது? எங்கள் நோட்டில் இல்லாத கேள்வி. நான் கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். பொத்தாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது, எனக்கும் பதில் தெரியாது. அவள் ஸ்காண்டியம் என்றாள். ஹோல்மியம் என்றார் நடுவர். பத்துப் புள்ளியும் போய், மேலும் ஐந்து குறைந்தது.

கடைசிச் சுற்றில் அவள் விடவில்லை. ஒரு கேள்வி அவளுக்கு, ஒன்று பையனுக்கு என்று மாறி மாறிப் போனது. முடிந்தபோது பையன் ஐந்து புள்ளி கூடுதல். வாகடூகு கேள்வி நின்றிருந்தால் கோப்பை இவளுக்குத்தான். அங்கிருந்த எல்லோருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். பையனின் அம்மா உடனே எழுந்திருக்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தார். பிறகு மகன் கோப்பையைத் தூக்கியதும் அடக்க முடியாமல் மேடைக்கு ஓடினார். அந்தப் பையன் என் மனைவியின் காலைத் தொட்டு வணங்கினான். அவள் பதறிப்போய் அவனைத் தூக்கிவிட்டாள்.

சாயங்காலம் ஆட்டோவில் திரும்பினோம். கழக்கூட்டம் சந்திப்பில் ஆபீஸ் விட்டு வரும் கூட்டத்தில் வண்டி நின்றுவிட்டது. அவள் மடியில் இரண்டாம் பரிசுக் கேடயம் இருந்தது. கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆட்டோக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ ஏன் போய்ச் சொன்ன? நீ பாக்கவே இல்லையே" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"பின்ன? நீங்க என் காதுல போட்டுட்டிய. இனி ஒவ்வொரு தடவ பஸ்ஸர அமுக்கும்போதும் அதே ஞாபகமா இருக்கும். எனக்கு வெளயாட முடியாது. அதான் சொன்னேன்."

பிறகு அவளே கேட்டாள். "அத அப்பவே வந்து ஏன் சொன்னிய? எல்லாம் முடிஞ்ச பெறகு சொல்லியிருக்கலாம்லா?"

"அதுவர என்னால இருக்க முடியல."

"அதான். உங்களால இருக்க முடியாது" என்றாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அவளுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்றுதான் ஐந்து மாதமும் நான் நினைத்திருந்தேன். இடைவேளையில் அவளைத் தேடிப் போனது அவளுக்காக அல்ல, என் மனப்பாரத்தை இறக்கி வைக்கத்தான் என்பது அந்த நெரிசலில்தான் எனக்குப் புரிந்தது. சொன்னது தப்பா, சொல்லாமல் இருந்திருந்தால் அது தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அந்த அம்மா எழுந்து காட்டிக்கொடுக்காத நல்லவராக இருந்ததால், பிடிபட்டவன் என்ற பெயரிலிருந்து அன்று தப்பித்தேன் என்று மட்டும் தோன்றும்.

ஒளிபரப்பில் அந்தச் சங்கதி எதுவும் இல்லை. வாகடூகுவை வெட்டிவிட்டு, ஹோல்மியத்தைச் சாதாரணக் கேள்வி போல ஒட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியில் போச்சே என்று உச்சுக்கொட்டினார்கள். அவள் எல்லோருக்கும் முறுக்கு எடுத்து வைத்தாள். நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு, வேறொரு சேனலின் வினாடி வினாவுக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"நல்லது. என்னைக்கு?"

"தேதி சொல்லுவாவ. அன்னைக்கு நீங்க கடையத் தொறந்துட்டு இருங்க. நான் தனியாப் போயிட்டு வந்துருவேன்."

சரி என்றேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.